மிளகிடம் மட்டும் சொன்னது

சைலன்ஸ் சார் அன்று காலை ஒரு முடிவுக்கு வந்தார். இந்த வீட்டில் ஒன்று அந்த நாய்க்குட்டி இருக்க வேண்டும், இல்லை அவர் இருக்க வேண்டும். பல் தேய்க்கும்போது எடுத்த முடிவு இது. மனைவியிடம் முகத்துக்கு நேராகவே சொல்லிவிடலாம் என்றும் அப்போது தோன்றியது. வாய் கொப்பளிக்கும்போது, அப்படிச் சொன்னால் அவள் யாரை வைத்துக்கொள்வாள் என்று ஒரு கணம் யோசித்துப் பார்த்தார். துண்டை எடுப்பதற்குள், நேராகச் சொல்வதில்லை, சுற்றி வளைத்துத்தான் போவது என்று திருத்திக்கொண்டார்.

அவர் பெயர் சைலன்ஸ் இல்லை. பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் ஒன்று உண்டு. அதைக் கூப்பிடத்தான் ஆளில்லை. வேலை ஒலிப்பதிவுக் கூடத்தில். பேராசிரியர்கள் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து பாடங்களை வாசிப்பார்கள். இவர் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பதிவு செய்வார். நாற்காலி முனகினால் "சைலன்ஸ்!" கைக்கடிகாரம் டிக்கென்றால் "சைலன்ஸ்!" வரலாற்றுப் பேராசிரியர் ஒருவரை, வயிறு பொருமுகிற சத்தம் கேட்கிறது என்று நடுப்போரில் நிறுத்தி வீட்டுக்கு அனுப்பியவர். அங்கே அவர் கையைத் தூக்கினால் துறைத் தலைவரே வாயை மூடிக்கொள்வார். வீட்டில் கையைத் தூக்கினால், "அப்படியே அந்த மேல்தட்டு டப்பாவை எடுத்துக் கொடுங்க" என்பாள் மனைவி.

மனைவி பரிசோதனை நிலையம் ஒன்றில் ரத்தம் எடுக்கிறவள். ஊசி ஏறுவதே தெரியாது என்று அவளிடம்தான் எல்லோரும் வரிசையில் நிற்பார்கள். ரகசியம் கையில் இல்லை, குரலில் இருந்தது. குத்துவதற்கு முன்னால் அந்தக் குரல் குழைந்துவிடும். "ஒண்ணுமில்ல, அந்தப் பக்கம் பாருங்க, என்ன வேலை பார்க்கிறீங்க?" என்பாள். ஆள் பதில் சொல்லி முடிப்பதற்குள் குழாய் நிறைந்திருக்கும். இத்தனை வருடக் குடும்ப வாழ்க்கையில் சைலன்ஸ் சார் கற்றுக்கொண்ட பாடம் இது ஒன்றுதான்: அவள் கத்தினால் பயமில்லை, குழைந்தால் ஓடிவிட வேண்டும். கற்றுக்கொண்டாரே தவிர, ஓடத் தெரியவில்லை.

மகளுக்கு வேறு ஊரில் வேலை கிடைத்துப் போனபின் வீடு வெறிச்சென்று ஆகிவிட்டது. மனைவி சாப்பாட்டு மேஜையில் மூன்று தட்டு வைத்துவிட்டு ஒன்றைத் திருப்பி எடுத்துக்கொண்டு போவாள். அந்தச் சமயம் பார்த்து அவள் தம்பி ஒரு கூடையோடு வந்து நின்றான். கூடைக்குள் கறுப்பாக, உருண்டையாக, உள்ளங்கையில் அடங்குகிற மாதிரி ஒரு குட்டி.

"நீ தனியா கிடக்கறியேன்னு கொண்டாந்தேன்க்கா."

"தனியாவா? அப்ப நான் யாரு மாப்ள?" என்றார் சைலன்ஸ் சார்.

"நீங்களும் இருக்கீங்க மாமா" என்றான் மச்சான், பெரிய மனசு பண்ணி.

மனைவி அதற்கு மிளகு என்று பெயர் வைத்தாள். கால்நடை டாக்டர் கம்பிக் கூண்டு ஒன்று வாங்கச் சொன்னார். ராத்திரி அதற்குள்தான் படுக்க வேண்டும், கத்தும், வெளிக்குப் போக வேண்டுமென்றால் திறந்துவிட்டு, முடிந்ததும் திரும்ப உள்ளே, மற்றபடி எக்காரணம் கொண்டும் திறக்கக் கூடாது. கூண்டைக் கூடத்தில் வைத்தார்கள். விளக்கை அணைத்தார்கள். மிளகு ஆரம்பித்தது.

அதை வெறும் குரைப்பு என்று சொல்லிவிட முடியாது. முதலில் ஒரு முனகல். பிறகு சின்னச் சின்னதாகக் கேள்வி கேட்பது போல. பிறகு நியாயம் கேட்பது போல. கடைசியில் ஊரைக் கூட்டுவது போல. சைலன்ஸ் சார் தலையணையை எடுத்துக் காதில் அமுக்கிக்கொண்டார். ஊசி விழுந்தால் எந்த நம்பர் ஊசி என்று சொல்லுகிற காது அது, தலையணைக்கெல்லாம் அடங்கவில்லை. பக்கத்தில் மனைவி கன்னத்துக்குக் கீழே கையை வைத்துக்கொண்டு தூங்கினாள். அவள் தூக்கம் அப்படி. குழாய் சொட்டினாலும் ஜன்னல் அடித்துக்கொண்டாலும் எழுந்து போகிறவர் அவர்தான். மகள் கைக்குழந்தையாக இருந்தபோது ராத்திரியெல்லாம் தோளில் போட்டு உலாத்தியவரும் அவர்தான். "நீங்க காதை வச்சுப் பொழைக்கிறவர், உங்களுக்குக் கேக்குது. எனக்குக் கேக்கவே மாட்டேங்குதே, நான் என்ன பண்ணட்டும்?" என்பாள்.

தூக்கம் கெட்டதில் மானமும் கெட்டது. பூகோளப் பாடம் பதிவாகிக்கொண்டிருந்தபோது சைலன்ஸ் சார் உட்கார்ந்தபடியே தூங்கிப்போனார். கண்ணாடிக்கு இந்தப் பக்கத்திலிருந்து இவர் பேசுகிற மைக் திறந்தே இருந்ததால், குறட்டையும் சேர்ந்து பதிவாகிவிட்டது. பாடம் நிலநடுக்கம். பின்னணிச் சத்தம் ரொம்பப் பொருத்தம் என்று மேலதிகாரி கூப்பிட்டுப் பாராட்டினார். அதைத்தான் அவரால் தாங்கிக்கொள்ள முடியவில்லை.

ஆகவே, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு சமையலறை வாசலில் போய் நின்றார்.

"ஏம்மா, கீழ்வீட்டுப் பல் டாக்டரம்மா என்னைப் படிக்கட்டுல புடிச்சுக்கிட்டாங்க."

"எதுக்கு?"

"நாய்ச் சத்தம் தாங்கலையாம். ராத்திரித் தூக்கமே இல்லையாம். காலையில கை நடுங்குதாம். நேத்து ஒருத்தருக்கு வலிக்கிற பல்லை விட்டுட்டு வேற பல்லைப் புடுங்கிட்டாங்களாம்."

"ஐயையோ! நான் வேணா போய் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டுட்டு வரட்டா?"

"வேணாம், வேணாம்! பயங்கரக் கோவத்துல இருக்காங்க. இப்பப் போனா உன்னையும் நாற்காலியில உக்கார வச்சிடுவாங்க."

மனைவி அடுப்பை அணைத்துவிட்டு அவரை ஒரு நிமிஷம் பார்த்தாள். "பாவம்" என்றாள். யாரைச் சொன்னாள் என்று தெரியவில்லை.

"சரிங்க" என்றாள் பிறகு. "ஞாயித்துக்கிழமை தம்பி வரான். அதுக்குள்ள சத்தம் நிக்கலைன்னா அவனே எடுத்துட்டுப் போகட்டும். நம்ம ஆசைக்கு அடுத்தவங்க பல்லு போகக்கூடாது."

குரல் கொஞ்சம் குழைந்திருந்தது. வெற்றிக் களிப்பில் இருந்த சைலன்ஸ் சார் அதைக் கவனிக்கவில்லை.

இனி ஞாயிற்றுக்கிழமை வரை மிளகு விடாமல் குரைக்க வேண்டும். அதற்கு அவர் ஒன்றும் செய்யத் தேவையில்லை. ஆனால் மனைவி கடைசி நேரத்தில் மனம் மாறிவிட்டால்? குரைப்பு என்றால் என்னவென்றே தெரியாமல் தூங்குகிறவள் ஆயிற்றே. அவளுக்கும் கேட்க வேண்டும். அன்று சாயங்காலம் ஒலிப்பதிவுக் கூடத்திலிருந்து கட்டைவிரல் அளவில் ஒரு கம்பியில்லா மைக்கும் கையடக்க ஸ்பீக்கர் ஒன்றும் கொண்டுவந்தார். மைக்கைக் கூண்டுக் கம்பியில் மாட்டினார். ஸ்பீக்கரைப் படுக்கையறையில், மனைவி தலைமாட்டில், அவள் காதுக்கு நேராக வைத்தார்.

"இது என்னங்க?"

"மைக். குட்டிக்கு ராத்திரி ஏதாவது ஒண்ணுன்னா நமக்குத் தெரியணுமில்ல?"

"உங்களுக்கு இவ்வளவு அக்கறை இருக்கும்னு எனக்குத் தெரியாமப் போச்சேங்க!" என்றாள். கண்கூடக் கலங்கின மாதிரி இருந்தது. சைலன்ஸ் சார் சத்தத்தை இன்னும் கொஞ்சம் கூட்டி வைத்தார்.

ராத்திரி மிளகு கூடத்தில் ஒரு தடவை குரைத்தால் படுக்கையறையில் இன்னொரு தடவை குரைத்தது. சுவர் அதிர்ந்தது. சைலன்ஸ் சார் கண்ணை மூடிக்கொண்டு, வருகிற சிரிப்பை அடக்கிக்கொண்டு காத்திருந்தார். மனைவி புரண்டாள். முழங்கை ஒன்று அவர் விலாவில் இறங்கியது.

"என்னங்க."

"ம்?"

"மிளகு கூப்பிடுது."

"யாரை?"

"உங்களைத்தான். என்னைக் கூப்பிட்டா வேற மாதிரி கத்தும்."

"போகக்கூடாதுன்னு டாக்டர் சொன்னாரே!"

"திறக்கக்கூடாதுன்னார். பக்கத்துல உக்காந்து ரெண்டு வார்த்தை பேசக்கூடாதுன்னாரா?"

"நாய்கிட்ட நான் என்னத்தைப் பேசறது?"

"மனசுல இருக்கறதைப் பேசுங்க. நாய்தானே, அது யார்கிட்ட போய்ச் சொல்லப் போகுது?" என்று சொல்லிவிட்டு, ஸ்பீக்கரைத் தலையணைக்கு அடியில் இழுத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

சைலன்ஸ் சார் போர்வையைப் போர்த்திக்கொண்டு கூடத்துக்குப் போய்க் கூண்டுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார். "இந்தா, வாயை மூடு" என்றார். மிளகு வாயை மூடியது. அவர் எழுந்தார். குரைத்தது. உட்கார்ந்தார். மூடவில்லை. "என்ன வேணும் உனக்கு?" என்று கேட்டார். மூடியது. கேள்விக்குப் பிறகு கொஞ்சம் சும்மா இருந்து பார்த்தார், உடனே ஆரம்பித்தது. விஷயம் புரிந்துபோயிற்று. அவர் பேசினால் அது பேசாது.

பேசினார். முதலில் வாய்பாடு சொன்னார். பிறகு மனப்பாடமாகிவிட்ட நிலநடுக்கப் பாடத்தைச் சொன்னார். சரக்கு தீர்ந்துபோனதும், வேறு வழியில்லாமல், மனசில் இருப்பதை எடுத்தார்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஒலிப்பதிவுக் கூடத்துச் சுவரில் சைலன்ஸ் சார் தன் கையாலேயே எழுதி மாட்டிய பலகை ஒன்று உண்டு: 'முதலில் சிவப்பு விளக்கைப் பார், பிறகு வாயைத் திற.' மைக் திறந்திருப்பது தெரியாமல் மேலதிகாரியைத் திட்டித் தீர்த்த ஒரு பேராசிரியருக்கு அவர் இதைப் பற்றி ஒரு வகுப்பே எடுத்திருக்கிறார். இப்போது அவர் மூக்குக்கு ஒரு சாண் தூரத்தில், கூண்டுக் கம்பியில், அதே சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை என்று சொல்ல முடியாது. இருட்டில் குட்டியின் முகம் தெரிவதற்கு வசதியாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

"உன்னைக் கொண்டாந்து விட்டான் பாரு, என் மச்சான், அதாவது உன் தாய்மாமன். அவன் ஒரு ஆளு. அவன் வீட்டு விசேஷத்துக்கெல்லாம் முட்டி வலின்னு சொல்லித்தான் தப்பிக்கறேன். என் முட்டிக்கு என்ன? ரெண்டும் இரும்பு."

மிளகு காதைத் தூக்கியது. சைலன்ஸ் சாருக்கு உடம்பு சிலிர்த்தது. பிழைப்பு முழுக்க அடுத்தவர் பேசுவதைக் கேட்டே கழித்த மனுஷன். அவர் வாயைத் திறந்தால் ஒரு ஜீவன் காதைத் தூக்குகிறது என்பது அவருக்குப் புதுசு. மடை திறந்துவிட்டது.

"இந்தப் புது ஜன்னல் திரை இருக்கே, பிரமாதம்னு சொன்னேன். சத்தியமா சொல்றேன், ஆபரேஷன் அறை மாதிரி இருக்கு. அப்புறம் ஒண்ணு சொல்றேன், வெளியில விட்டுடாதே. உங்கம்மா மாசாமாசம் எனக்கு ரத்தம் எடுத்துச் சர்க்கரை பார்ப்பா. நான் அதுக்கு ரெண்டு நாள் முன்னாடி பத்தியம் இருந்துட்டு, மத்த நாளெல்லாம் கிரீம் பிஸ்கட்டுதான். பரண்ல பழைய ரேடியோ பெட்டி இருக்கு பாரு, அதுக்குள்ள." குரலைத் தாழ்த்தினார். "கீழ்வீட்டு டாக்டரம்மாவும் ஒண்ணுமே சொல்லல. அவங்களை நான் பார்த்தே எவ்வளவோ நாளாகுது. உன்னை அனுப்பத்தான் அப்படி அளந்துவிட்டேன். தப்பா நினைச்சுக்காதே."

மிளகு தப்பாக நினைக்கவில்லை. கம்பி இடுக்கில் மூக்கை நீட்டி அவர் விரலில் வைத்துக்கொண்டு தூங்கிப்போனது.

மறுநாள் காலை மனைவி காபி கொண்டுவந்தாள். "என்னங்க, அந்தப் பக்கம் பாருங்களேன், ஜன்னல்ல என்ன பறவை அது?" என்றாள். குரல் தேனாக இருந்தது. சைலன்ஸ் சார் பறவையைத் தேடினார். பறவை இல்லை. திரும்புவதற்குள் அவர் கையில் பஞ்சு இருந்தது.

"இந்த மாசம்தான் எடுத்தாச்சே!"

"சும்மா. ஒரு ஆசைக்கு."

பறவையைத் தேடியபோதே ஜன்னலில் திரை இல்லாததையும் அவர் பார்த்திருக்க வேண்டும். "கழட்டிட்டேங்க. கட்டிலைத் தள்ளிக்கிட்டு நர்ஸ் வந்துடுவாங்களோன்னு பயமா இருந்துச்சு" என்றாள். அன்று சாயங்காலம் கீழே இறங்கி மாவு மூட்டையைத் தூக்கிக்கொண்டு வரச் சொன்னாள். முட்டி என்று ஆரம்பித்தார். "உங்களுக்கென்னங்க, இரும்பு மாதிரி இருக்கீங்க" என்று முதுகைத் தட்டிக்கொடுத்தாள். மூட்டையோடு மாடி ஏறும்போது, இவளுக்கு எங்கேயோ குறி சொல்லக் கற்றுக்கொடுக்கிறார்கள் என்று சைலன்ஸ் சார் சந்தேகப்பட்டார். நேற்று ராத்திரி தான் பேசியதற்கும் இதற்கும் முடிச்சுப் போட அவருக்குத் தோன்றவில்லை. அவரைப் பொறுத்தவரை அது நாயிடம் சொன்னது, அங்கேயே முடிந்துபோனது.

மனைவி படுத்தபின் பரணில் கைவிட்டுப் பெட்டிக்குள் துழாவி, இருட்டிலேயே ஒரு பிஸ்கட்டை வாயில் போட்டுக்கொண்டார். கிரீம் இல்லை. கொஞ்சம் மரத்தூள் வாடை. இரண்டாவதைச் சாப்பிட்டபோது அது எலும்பு வடிவத்தில் இருப்பது நாக்குக்குத் தெரிந்தது.

"உன் பிஸ்கட்டைத் தின்னுட்டேன்" என்று கூண்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒப்புக்கொண்டார். "ரொம்ப மோசமில்ல. உங்கம்மா மந்திரக்காரிடா. எனக்கு அவளைப் பார்த்தாலே இப்பல்லாம் பயமா இருக்கு."

ஆனால் எல்லாமே பயமாக இல்லை. வேறு ஒரு ராத்திரி வாய் தவறி ஒன்றைச் சொல்லிவிட்டார். மகள் போனபின் இந்த வீட்டில் தன்னிடம், இன்றைக்கு வேலையில் என்ன நடந்தது என்று கேட்க ஆளில்லை, அவள்தான் கேட்பாள், இப்போது வீடு திரும்பினால் பேச்செல்லாம் தொண்டையிலேயே நின்றுவிடுகிறது என்றார். மறுநாள் அவர் செருப்பைக் கழற்றும்போது மனைவி எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "இன்னைக்கு யாரு வாசிக்க வந்தாங்க? என்ன ஆச்சு?" என்றாள்.

சைலன்ஸ் சார் சட்டென்று இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். ஊசி எதுவும் வரவில்லை. அவள் நிஜமாகவே கேட்டாள். தாவரவியல் பேராசிரியருக்கு விக்கல் எடுத்த கதையைச் சொன்னார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவர் சொன்ன ஒன்றுக்கு அவள் சிரித்து எவ்வளவு காலமாயிற்று என்று நினைத்தபோது அவருக்கே அழுகை வரும்போல இருந்தது.

இதற்கிடையில் நடந்தது என்னவென்றால், அவருக்கு அந்தக் கறுப்புக் குட்டி இல்லாமல் முடியாமல் போய்விட்டது. வேலையில் உட்கார்ந்தபடியே ராத்திரிக்கு என்ன சொல்லலாம் என்று யோசிக்க ஆரம்பித்தார். குரைக்காவிட்டாலும் போய் உட்கார்ந்தார். இரண்டு பேரும் நன்றாகத் தூங்கினார்கள், ஒருவர் கம்பிக்கு உள்ளே, ஒருவர் வெளியே. சனிக்கிழமை சாயங்காலம் மனைவி மிளகின் துண்டு, தட்டு, பந்து எல்லாவற்றையும் ஒரு பையில் எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா இது?"

"நாளைக்குத் தம்பி வரானே. எடுத்துட்டுப் போகச் சொல்லிட்டேன்."

"ஏன்? சத்தம்தான் குறைஞ்சிடுச்சே!"

"நமக்குக் குறைஞ்சிருக்கு. டாக்டரம்மாவுக்குக் குறைஞ்சிருக்கா?"

"கேட்டுப் பார்க்கலாமில்ல?"

"பயங்கரக் கோவத்துல இருக்காங்கன்னு நீங்கதானே சொன்னீங்க? எனக்கு அந்தப் பல்லு போன மனுஷனை நினைச்சாத்தாங்க மனசு ஆறல. வலிக்கிறதும் வாயிலயே இருக்கு, வலிக்காதது போயிடுச்சு." மூக்கை உறிஞ்சிக்கொண்டு பந்தைப் பைக்குள் போட்டாள்.

பொய் என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த வார்த்தை சைலன்ஸ் சார் வாயில் வரவில்லை. அன்று ராத்திரி கூண்டைக் கட்டிக்கொண்டு அழுதார். அதை வேறு எப்படியும் நாசூக்காகச் சொல்ல முடியாது. மூக்கில் நீர் வடிய அழுதார்.

"போகாதேடா. நீ போயிட்டா எனக்கு யாரு இருக்கா? தப்பெல்லாம் என் மேல. அவ ஆசைப்பட்டு வச்சுக்கிட்டது உன்னை ஒருத்தனைத்தான். அதையும் நான் பொய் சொல்லிக் கெடுத்துட்டேன். நீ மட்டும் இங்கயே இருந்துடு. விடியறதுக்கு முன்னாடி எழுந்து தினம் உன்னை நான் நடக்கக் கூட்டிட்டுப் போறேன். கூண்டை நான் கழுவறேன். பிஸ்கட்டைத் தொட மாட்டேன். உன் தாய்மாமன் வீட்டு விசேஷம் ஒண்ணு விடாம வரேன், முன்வரிசையில உக்காந்துக்கறேன்."

மிளகு அவர் விரலை நக்கியது. வாக்குறுதியை ஏற்றுக்கொண்டதாகவே அவர் எடுத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை மச்சான் அதே கூடையோடு வந்தான். மனைவி பையை நீட்டினாள். அவன் குனிந்து கூண்டுக் கதவில் கை வைத்ததும் சைலன்ஸ் சார் குறுக்கே பாய்ந்தார்.

"கையை எடு மாப்ள! நான் டாக்டரம்மாகிட்ட பேசிச் சம்மதம் வாங்கிட்டு வரேன். நான் வர்ற வரைக்கும் யாரும் தொடக்கூடாது!"

அவர் திட்டம் எளிமையானது. ஒரு மாடி இறங்கி, படிக்கட்டில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, சம்மதித்துவிட்டார்கள் என்று சொல்லிக்கொண்டு திரும்பி வருவது. ஆனால் அவர் கீழே போய் நிற்பதற்கும் பல் டாக்டரம்மா குப்பைக் கூடையோடு கதவைத் திறப்பதற்கும் சரியாக இருந்தது.

"வாங்க, வாங்க! என்ன விஷயம்?"

"ஒண்ணுமில்லீங்க" என்றார் மெதுவாக. "சும்மா... நாய்..."

"என்னது? சத்தமா சொல்லுங்க. ஞாயித்துக்கிழமை காது மெஷினுக்கும் லீவு விட்டுடுவேன்!"

சைலன்ஸ் சார் அவள் காதைப் பார்த்தார். எத்தனையோ வருஷமாக மேலும் கீழும் குடியிருக்கிறார்கள். ஊரார் எச்சில் விழுங்குகிற சத்தத்தையெல்லாம் கண்டுபிடித்தவருக்கு, கீழ்வீட்டு அம்மாளுக்குக் காது கேட்காது என்பது தெரியாமலே இருந்திருக்கிறது.

"நாய்! எங்க வீட்டு நாய்! குரைக்கிறது உங்களுக்குத் தொந்தரவா இருக்கான்னு கேட்க வந்தேன்!" என்று கத்தினார். படிக்கட்டு முழுக்க எதிரொலித்தது.

"நாயா? எனக்கு எங்கே கேக்குது! மெஷினைக் கழட்டிட்டுப் படுத்தா இடி விழுந்தாலும் தெரியாது. இதையேதான் அன்னைக்கே உங்க வீட்டம்மா வந்து கேட்டாங்க, நான் சொல்லி அனுப்பினேனே! அதுல பாருங்க, நான் யாருக்கோ பல்லை மாத்திப் புடுங்கிட்டேன்னு வேற எவனோ அவங்ககிட்ட சொல்லியிருக்கான். அவன் மட்டும் என் கையில கிடைக்கட்டும்!"

சைலன்ஸ் சார் வாயை இறுக மூடிக்கொண்டு மாடிப்படியைத் திரும்பிப் பார்த்தார். மேலே கைப்பிடிச் சுவரில் மனைவியும் மச்சானும் சாய்ந்துகொண்டு நின்றார்கள். மனைவி இடுப்பில் மிளகு இருந்தது.

"என்னங்க, சம்மதிச்சாங்களா?" என்றாள். தேன் சொட்டியது.

"சம்மதிச்சுட்டாங்க" என்றார் சைலன்ஸ் சார்.

"ரொம்ப நல்லதாப் போச்சு. அப்ப விடியறதுக்கு முன்னாடி இதை நடக்கக் கூட்டிட்டுப் போறது நீங்க. கூண்டு கழுவறது நீங்க. பிஸ்கட்டை இனிமே தொட மாட்டீங்க. அடுத்த வாரம் தம்பி வீட்டு விசேஷத்துல முன்வரிசை."

"மாமா, நாற்காலி இப்பவே போட்டு வச்சுடறேன்" என்றான் மச்சான்.

ஒன்றுக்குப் பின் ஒன்றாக, அதே வரிசையில், அதே வார்த்தைகள். சைலன்ஸ் சார் இரண்டு இரண்டு படியாகத் தாவி ஏறினார். முட்டி இரண்டும் இரும்புதான் என்பது ஊருக்கே தெரிந்தது. கூடத்துக்குள் ஓடிக் கூண்டைப் பார்த்தார். சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"எல்லாத்தையும் கேட்டியா?"

"ஒரு வார்த்தை விடல."

"நீதான் அடிச்சுப்போட்ட மாதிரி தூங்குவியே!"

"நான் தூங்கறேன்னு யாரு சொன்னா?" என்றாள் மனைவி, மிளகின் தலையைத் தடவிக்கொண்டே. "குழாய் சொட்டறது, ஜன்னல் அடிக்கிறது, பாப்பா அழறது எல்லாமே எனக்கும் கேக்கும். நான் அசையாம படுத்திருந்தா நீங்க எந்திரிச்சுப் போயிடுவீங்க. கல்யாணமான புதுசுலயே கண்டுபிடிச்சுட்டேன்."

சைலன்ஸ் சார் தரையில் உட்கார்ந்துவிட்டார். தோள் வலிக்க உலாத்திய ராத்திரிகள் எல்லாம் வரிசையாக வந்து அவர் எதிரே நின்றன. கோபப்பட்டிருக்கலாம். ஆனால் மிளகு அவள் இடுப்பிலிருந்து குதித்து இவர் மடியில் வந்து ஏறிக்கொண்டது. அது போகவில்லை, இங்கேயேதான் இருக்கப்போகிறது என்று நினைத்ததும் கோபம் வர மறுத்துவிட்டது.

இருந்தாலும் அவர் தொழில்காரர். எதிராளி கேட்கிறாள் என்று தெரிந்துவிட்டபின் மைக் யாருடைய ஆயுதம்? சாப்பிடும்போதே மனதுக்குள் எழுதிக்கொண்டார். விடியற்காலை நடையை மட்டுமாவது எப்படியும் தட்டிக்கழித்துவிட வேண்டும். அன்று ராத்திரி கூண்டுக்கு எதிரே வசதியாக உட்கார்ந்து, தொண்டையைச் செருமி, மைக்கிலிருந்து சரியான தூரத்தில் வாயை வைத்து, பேராசிரியர்கள் எவரும் எட்டாத உருக்கத்தோடு ஆரம்பித்தார்.

"மிளகு, உங்கம்மா மாதிரி ஒரு தங்கமான மனுஷி இந்த உலகத்துல உண்டா? அவ அறிவென்ன, அழகென்ன! அவளுக்கு மட்டும் என் மேல கொஞ்சம் இரக்கம் வந்து, காலையில இந்த வயசானவனைத் தூங்க விட்டான்னா..."

படுக்கையறையிலிருந்து மனைவியின் குரல் வந்தது.

"நடிப்பு தெரியுதுங்க. நேத்து அழுதீங்களே, அந்தக் குரல் வரல. முதல்லேருந்து இன்னொரு தடவை சொல்லுங்க."